எட்டாம் வகுப்பு முடியும் வரை

பள்ளி நூலகத்திலிருந்து என் நாவலை எடுத்துவிடச் சொல்லி யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கடிதம் வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. பெருமை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் ஒளித்து என்ன ஆகப்போகிறது? அட, நான் எழுதின ஒன்றைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு கலங்கியிருக்கிறதே என்று அடுப்படியில் நின்று சிரித்தேன். ஒருத்தி என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, ஸ்ப்ரே அடித்து முடியைத் தூக்கி நிறுத்தின ஒரு வெள்ளைக்கார அம்மா. அவளுக்கு நான் முகம், குரல், கைப்பை எல்லாம்கூடக் கொடுத்தாயிற்று. கதை எழுதுகிறவளுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசி அது. நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தினமும் பார்சிப்பனி வரைக்கும் கார் ஓட்டி ஒரு மருந்து கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து அவர் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்த எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் உட்காரு என்றார்கள். சும்மா உட்கார எனக்கு எப்போது வந்தது? மகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவர் ஆபீசிலிருந்து கொண்டுவரும் ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். இங்கிலீஷில்தான். மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அவள் வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி எழுதினேன். இரண்டு நாவல் போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்றாவதை, இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது.

அந்த மூன்றாவது எங்கள் வீட்டில் நடந்த கதை.

மகள் அஞ்சாவது படிக்கும்போதே வயசுக்கு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அதற்குத் தெரட்டிச் சீர் செய்வோம். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருவான். பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றி, பட்டுக் கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவோம். டெக்சாஸில் இருந்த என் தம்பி, "அக்கா, இது செய்யாம உட்டீன்னா அப்புறம் நான் மாமன்னு எதுக்கு இருக்கறேன்?" என்று போனிலேயே கண்கலங்கினான். சரி என்று ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு ஹால் எடுத்தோம். அதற்குள் இன்னொரு சிக்கல். மகளுடைய கிளாஸ் பிள்ளைகள் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றுவிடாமல் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறோம். நாம் ஹால் எடுத்துச் செய்யும்போது அவர்களைக் கூப்பிடாமல் இருந்தால் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசமாட்டார்களா? கூப்பிடாமலும் இருக்க முடியாது, என்ன விசேஷம் என்று சொல்லவும் முடியாது. அதனால் இரண்டு பத்திரிகை அடித்தோம். தமிழ்ப் பத்திரிகையில் மஞ்சள் நீராட்டு விழா. இங்கிலீஷ் பத்திரிகையில் பர்த்டே பார்ட்டி. அவள் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள். சிவப்புத் தலைமுடிப் பெண் ஒன்று ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேக் எங்கே?" என்றது. அட கெரகமே! கேக் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் வேட்டியோடு சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினார். யாரோ ஆர்டர் பண்ணிவிட்டு வாங்க வராமல் போன ஒரே ஒரு பெரிய கேக்தான் அங்கே இருந்தது. பச்சைப் புல்தரை, நடுவில் கால்பந்து. என் மகள் பிறந்ததிலிருந்து ஒரு பந்தை உதைத்தவள் இல்லை. அரக்குப் பட்டும் நெத்திச்சுட்டியும் போட்டு, சீர்த்தட்டுகளுக்கு நடுவில் அவளை நிறுத்தி அந்தக் கேக்கை வெட்டவைத்தோம். பிள்ளைகள் எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மறைந்தும் போனது.

அதைத்தான் நான் நாவலாக எழுதினேன். பெண்ணின் பெயரை மாற்றினேன். ஊரைக் கலிபோர்னியாவில் சான் ரமோனுக்குக் கொண்டுபோனேன். மாமனை சிகாகோவிலிருந்து வரவழைத்தேன். இரண்டு பத்திரிகையையும் கேக்கையும் மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை. அந்தக் கால்பந்து கேக் கதையில் அப்படி உட்கார்ந்தது. எடிட்டர் அம்மாள் போனில் அந்தப் பக்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மகளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அனுமதி கேட்கிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. முதல் பிரதியில் 'என் கண்ணுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். தேங்க்ஸ் சொல்லி வாங்கி மேஜைமேல் வைத்தாள். வைத்தது வைத்தபடியே இருந்தது. பிள்ளை நம் புத்தகத்தைப் படிக்கவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல் வேறு.

கடிதம் வந்தது அவள் ஏழாவது படிக்கும்போது. பதிப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. எந்தப் பள்ளி என்று பார்த்தேன். மகள் படிக்கிற பள்ளியேதான்! பள்ளியைச் சேர்ந்த ஒருவர் ஆட்சேபணைப் படிவம் கொடுத்திருக்கிறார், ஏழு பேர் கொண்ட குழு கூடி முடிவு செய்யும், ஆசிரியர் நேரில் வந்தும் பேசலாம் என்று இருந்தது. யார் கொடுத்தது என்று பெயர் இல்லை. அதுதான் வழக்கமாம், குழுவுக்குக்கூடப் பெயர் சொல்லமாட்டார்களாம்.

இதை எழுதினவள்தான் என் மகளுடைய அம்மா என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? மகளுக்குக் கடைசிப் பெயர் அவள் அப்பா பெயர். புத்தகத்தில் எனக்குக் கடைசிப் பெயர் என் அப்பா பெயர். பள்ளிக்குப் போன ஒன்றிரண்டு தடவையும் மிஸஸ் போட்டு வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே வீட்டில் அம்மாவும் மகளும் வேறு வேறு அப்பன் பெயரைச் சுமப்பது அமெரிக்காக்காரனுக்குக் கனவிலும் வராது.

"அப்படியே இருக்கட்டும், நீ யார்னு சொல்லிக்காத" என்றார் வீட்டுக்காரர். "கம்ப்ளெயின்ட் பண்ணுன பொம்பளைக்குத் தெரிஞ்சா நம்ம புள்ளையப் போட்டுப் படுத்துவா."

"ஏனுங்க, நான் என்ன பயந்துட்டா இருக்கறேன்? புள்ளைக்காகத்தான் வாய மூடறேன்" என்றேன்.

சாப்பிடும்போது மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான், இங்கே தமிழில் போடுகிறேன். தட்டில் இருந்த சாதத்தை ஓரம் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீ நேரில் போகணுமா? லெட்டர் போட்டால் போதாதா?"

"ஏன் போகக்கூடாது? எவளோ ஒருத்தி எழுதிக் குடுத்துட்டா நான் முக்காடு போட்டுட்டு உக்காந்துக்கணுமா?"

"அம்மா, ப்ளீஸ். போகாதே."

"சாமி, உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ என்ற புள்ளைன்னு மூச்சு விடமாட்டேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். சாப்பாடு அப்படியே இருந்தது. அந்த மாதங்களில் அவளுடைய லஞ்ச் பாக்ஸும் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வரும். உடம்பு இளைக்கப் பட்டினி கிடக்கிறாளாக்கும் என்று நினைத்து, "வயித்துக்கு என்ன பூட்டா போட்டிருக்கற?" என்று கத்துவேன். கத்தினேனே தவிர என்ன ஏது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது. நாலு பக்கத்துக்குப் பேச்சு டைப் அடித்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டம் பள்ளி நூலகத்திலேயே நடந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு. பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நூலகர் ஒல்லியான மனிதர், என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். துணைத் தலைமையாசிரியை அம்மாள்தான் தலைமை. மூன்று டீச்சர்கள், இரண்டு பெற்றோர். கைத்தறிச் சேலையைப் பின் குத்தி, போருக்குப் போகிறவள் மாதிரி நான் போயிருந்தேன். பெற்றோர் இரண்டு பேரில் ஒரு அம்மாவுக்கு முடி தூக்கி நின்றது. இவள்தான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

துணைத் தலைமையாசிரியை படிவத்தைப் படித்தார். கேள்வியும் பதிலுமாக இருந்தது. அது எனக்கு இன்றைக்கும் வரி வரியாகத் தெரியும்.

முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா? படித்தேன். இரண்டு தடவை.

எதை ஆட்சேபிக்கிறீர்கள்? கேக் வரும் அத்தியாயத்தை. இந்தப் பார்ட்டிக்கு எங்கள் ஸ்கூலில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அது பர்த்டே என்று அவர்களிடம் சொல்லியிருந்தோம். இப்போது அது என்ன பார்ட்டி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர், எல்லார் வீட்டிலும் பெண் பிள்ளை இருக்கிறது. யாரோ. வேறு யாரோ.

இதனால் என்ன பாதிப்பு? கேஃபட்டேரியாவில் பர்த்டே பாட்டு மெட்டில் வேறு வார்த்தை போட்டுப் பாடுகிறார்கள். நான் அங்கே சாப்பிடுவதில்லை. என் லாக்கரில் ஒரு சானிட்டரி பேடைக் கிஃப்ட் பேப்பரில் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

ஒரு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். என் மடியில் நாலு பக்கமும் விறைத்துக்கொண்டு கிடந்தது.

புத்தகத்தில் தவறான தகவல் ஏதேனும் உண்டா? உண்டு. புத்தகத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேக் வெட்டுகிறாள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கை நடுங்கியது. அவள் மாமாதான் கையைப் பிடித்து வெட்டினார்.

ஐயோ! என் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் எங்கேயும் அது கிடையாது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். படித்தவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

புத்தகத்தில் நல்ல அம்சம் ஏதாவது? அதில் வரும் அம்மா நல்லவள். எது செய்வதற்கு முன்னாலும் அந்தப் பெண்ணிடம் கேட்கிறாள்.

நூலகம் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள்? எல்லா நூலகத்திலிருந்தும் எடுக்கவேண்டாம். எங்கள் ஸ்கூலில் மட்டும். நான் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை. அப்புறம் திரும்ப வைத்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

படித்து முடித்துவிட்டு, "ஆசிரியர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். என்ன செய்திருக்கவேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். எடுத்துவிடுங்கள், அந்தக் குழந்தை சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருக்கவேண்டும். ஏன் என்று யாராவது கேட்டால் உண்மை வெளியே வந்து அவளுக்கு இன்னும் அவமானமாகிவிடுமே என்று அந்த நொடியில் ஒரு சாக்குக் கிடைத்தது. சாக்குத்தான் அது. யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். நான் நாலு நாளாக உருப்போட்டிருந்தேன். கையில் தாள் இருந்தது. வாய் தானாகத் திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டது. என் குரலை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கேயும் தடுக்கவில்லை. அது நடுங்கக்கூட இல்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முடித்ததும் கைதட்டினார்கள். கைதட்டு ஓய்ந்ததும் முடி தூக்கி நின்ற அந்த அம்மா கையை உயர்த்தினாள். நான் மனசுக்குள் முகமும் கைப்பையும் கொடுத்து வைத்திருந்தவள்.

"மேடம், உங்கள் புத்தகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்தக் குழந்தை கேட்பது அதிகமில்லையே. ஒன்றரை வருஷம் உள் அறையில் எடுத்து வைத்தால் என்ன? நீங்கள் சம்மதித்தால் இந்தக் குழுவும் சம்மதிக்கும் என்று நினைக்கிறேன்."

துணைத் தலைமையாசிரியையும் தலையாட்டினார். விதிப்படி படிவத்தில் 'இருக்கட்டும்', 'எடுக்கட்டும்' என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது, ஆனால் ஆசிரியரே சொன்னால் பார்க்கலாம் என்றார். ஏழு முகமும் என் பக்கம் திரும்பியது.

இரண்டாவது தடவையும் கடவுள் கதவைத் திறந்து வைக்கிறார், பாருங்கள்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு குழந்தை வருத்தப்படுகிறது என்று ஒரு புத்தகத்தை எடுத்தால், அடுத்த குழந்தைக்காக அடுத்த புத்தகத்தை எடுக்கவேண்டி வரும்" என்றேன். என் பேச்சில் மூன்றாம் பக்கத்தில் இருந்த வரி. அதில் தப்பு இல்லை. இன்றைக்கும் அதை நான் ஒத்துக்கொள்வேன், வேறு எந்தக் குழந்தைக்கானாலும். அங்கே அதைச் சொன்னது பெற்றவள். யாருக்கு எதிராகச் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னவள்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். இருக்கட்டும் என்று ஐந்து கை. எடுக்கட்டும் என்று இரண்டு. அந்த அம்மாவும், ஓரத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த ஜிம் டீச்சரும். நூலகர் மறுபடியும் என் கையைக் குலுக்கி, நாளைக்கே புத்தகத்தை முன்வரிசையில் வைக்கிறேன் என்றார். வாய் நிறையச் சிரித்து, தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன்.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போடத் தெரியாமல் எவ்வளவு நேரம் இருந்தேனோ. அழுகைகூட வரவில்லை. பதினொரு பேர் வந்தார்கள் என்று அவள் எண்ணி வைத்திருக்கிறாள், எனக்கு அது தெரியவே தெரியாது என்பதே திரும்பத் திரும்ப வந்தது. அவள் மேஜைமேல் அழுக்குப்படாமல் கிடந்த புத்தகத்தை இரண்டு தடவை படித்திருக்கிறாள். அந்தப் படிவத்தை எங்கே உட்கார்ந்து நிரப்பியிருப்பாள்? நான் அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதா?

வீட்டுக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சாப்பாட்டு மேஜையில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்தது நிறைய. மன்னிச்சுக்க சாமி என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று இருந்தேன். வாயில் வந்தது வேறு.

"ஏதாச்சும் சாப்பிட்டயா கண்ணு?"

அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எத்தனை ஓட்டு?"

"அஞ்சு."

"எதுக்கு அஞ்சு?"

"இருக்கட்டும்னு."

"மிச்சம் ரெண்டு?"

"எடுக்கட்டும்னு."

பென்சில் நின்றது. அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அத்தனை மாதத்தில் நான் பார்க்காத வெளிச்சம். எதையும் மறைக்கவேண்டும் என்பதுகூட மறந்துபோய்விட்டது பிள்ளைக்கு.

"ரெண்டு பேர் எனக்குப் போட்டாங்களா? நிஜமாவா? யாரும்மா?"

"ஜிம் டீச்சர். அப்புறம் யாரோ ஒரு அம்மா."

"ஆனா அது நான்தான்னு அவங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

"தெரியாது" என்றேன்.